கொடிக்கயிறு

2020 ஆகஸ்ட் 20ஆம் தேதி, திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சியில் தேசியக் கொடி ஏற்றப்பட்டது. சுதந்திர தினம் முடிந்து ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. கயிற்றை இழுத்தவர் ஊராட்சி மன்றத் தலைவர் அமிர்தம். மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் உடன் நின்றார்கள். ஆகஸ்ட் 15 அன்றே அவர் ஏற்றியிருக்க வேண்டிய கொடி அது. தலித் பெண் என்பதால் அன்று அவரை ஏற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்து, கண்டனம் எழுந்து, காவல்துறை வழக்குப் பதிந்த பிறகுதான் அந்தக் கயிறு அவர் கைக்கு வந்தது.

நான் அதே மாவட்டத்தில், பூந்தமல்லியை ஒட்டிய சென்னீர்குப்பத்தில் வசிக்கிறேன். ஆத்துப்பாக்கம் கும்மிடிப்பூண்டிப் பக்கம், மாவட்டத்தின் வடகோடி. எங்கள் சென்னீர்குப்பத்துக்கும் ஊராட்சி என்றுதான் பெயர். ஆனால் நெடுஞ்சாலையும் கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் சூழ்ந்த இந்த இடத்தில், வாடகைக்கு வந்த பலருக்குத் தலைவர் யார் என்றே தெரியாது. ‘அதெல்லாம் கிராமத்துப் பிரச்சினை, நம்ம பக்கம் இல்ல’ என்று இங்கே சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அந்தச் சமாதானத்தோடு என்னால் இருக்க முடியவில்லை. அமிர்தத்தைத் தடுத்தவர்கள் கொடியை அவமதிக்க நினைத்தவர்கள் அல்லர். கொடிக்கு உரிய மரியாதை கெடக் கூடாது என்று நினைத்திருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் அவர்கள் மதித்தது எதை? ஒரு குறியீட்டுக்கு மரியாதை செய்துகொண்டே, அது குறிக்கும் பொருளை மிதிக்க முடியுமா?

வகுப்பில் ஒருநாள் தேசியக் கொடியின் பொருள் என்ன என்று கேட்டேன். பள்ளியில் படித்ததை மாணவிகள் ஒப்பித்தார்கள்: காவி தியாகம், வெள்ளை அமைதி, பச்சை செழுமை, நடுவில் அறச் சக்கரம். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் மட்டும், “மேம், கலருக்கு யாரோ வச்ச அர்த்தம்தானே இதெல்லாம்? யார் ஏத்தணும், யார் ஏத்தக் கூடாதுன்னு ஊர்ல வச்சிருக்காங்களே, அது எதுல வருது?” என்றாள். இந்தக் கட்டுரை அவளுக்கான பதில்தான்.

நிறங்களின் பொருளை யாரோ வைத்தார்கள் என்பது வரலாற்றுப்படி சரி. 1921இல் பெஜவாடாவில் பிங்கலி வெங்கையா காந்தியிடம் தந்த வடிவத்தில் சிவப்பும் பச்சையும் இருந்தன. சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு; பிறருக்காக வெள்ளையும், உழைப்புக்காக ராட்டையும் வேண்டும் என்றார் காந்தி. எங்களுக்கு இடம் எங்கே என்று சீக்கியர்கள் கேட்டார்கள். மதத்துக்கு ஒரு நிறம் என்பது தீராத சண்டை என்பது புரிந்ததும் 1931இல் காங்கிரஸ் காவி, வெள்ளை, பச்சை என்று மாற்றி, இந்நிறங்கள் எந்த மதத்தையும் குறிக்கவில்லை என்று தீர்மானமே போட்டது. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை இன்றைய கொடியை ஏற்றபோது ராட்டையின் இடத்தில் சாரநாத் தூணின் சக்கரம் வந்தது. கொடியின் இரண்டு பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றுபோல் தெரிய வேண்டும், ராட்டை அப்படித் தெரியாது என்பது நேரு சொன்ன காரணங்களில் ஒன்று. ராட்டை இல்லாத கொடியை வணங்க மாட்டேன் என்று அந்த ஆகஸ்டில் எழுதியவர் காந்தி. இன்று அவர் அப்படி எழுதினால் என்ன பெயர் சூட்டுவார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ராட்டை போனதில் பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நூல் நூற்பது காலங்காலமாகப் பெண்களின் வேலை. சங்கப் பாடல்களில் கணவனை இழந்தும் ஆதரவற்றும் வாழும் பெண்ணுக்குப் ‘பருத்திப் பெண்டு’ என்றே பெயர். இரவில் விளக்கொளியில் பஞ்சு கொட்டி நூற்றுப் பிழைப்பவள் அவள். ராட்டை கொடியில் இருந்தவரை அவள் கைவேலையின் தடயம் அதில் இருந்தது. அதன் இடத்தில் ஒரு பேரரசரின் சக்கரம் வந்தது. அசோகச் சக்கரத்தின் அறத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. உழைப்பின் கருவி நீங்கி ஆட்சியின் சின்னம் வந்ததைக் குறித்துக்கொள்கிறேன்.

ஆனால் இந்தக் கொடியின் கதை பெண்கள் இல்லாத கதை அல்ல. 1907 ஆகஸ்ட் 22 அன்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், அனைத்துலக சோஷலிஸ்ட் மாநாட்டில், இந்திய விடுதலைக்கான கொடியை விரித்துக் காட்டியவர் பிகாஜி காமா. 1942 செப்டம்பர் 20 அன்று அசாமின் கோபூரில் காவல் நிலையத்தை நோக்கிக் கொடியோடு நடந்து சுடப்பட்டு இறந்த கனகலதா பருவாவுக்கு வயது 17. ஒன்பது நாள் கழித்து வங்கத்தின் தம்லுக்கில் அதே போலச் சுடப்பட்டு இறந்தவர் எழுபது வயதைத் தாண்டிய மாதங்கினி ஹஸ்ரா. இன்றைய கொடியின் வடிவமைப்பில் தன் தாய் சுரையா தையப்ஜியின் கைவண்ணம் இருந்ததை அவர் மகள் லைலா தையப்ஜி எழுதியிருக்கிறார். 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில், ‘இந்தியப் பெண்களின் பரிசு’ என்று சொல்லி அரசியல் நிர்ணய சபைக்குக் கொடியை அளித்தவர் ஹன்சா மேத்தா. அந்தப் பரிசில் சேர்ந்துகொள்ள விரும்பிய ஏறக்குறைய நூறு பெண்களின் பட்டியலும் அவர் கையில் இருந்தது. இதே ஹன்சா மேத்தாதான் அடுத்த ஆண்டு ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தில் ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படும்படி இருந்த வாசகத்தை ‘எல்லா மனிதர்களும்’ என்று மாற்ற வைத்தவர்.

இந்த வரிசையை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு மாற்றம் தெரியும். கொடி பிடித்தால் குண்டு விழும் என்றிருந்த காலத்தில் கொடியைப் பெண்கள் தொடக் கூடாது என்று யாரும் தடுத்ததாகக் கேள்வி இல்லை. கொடி ஏற்றினால் மரியாதை கிடைக்கும் என்று ஆன பிறகுதான் யார் ஏற்றுவது என்பது கேள்வியானது. ஆபத்தைப் பகிரும்போது வாசல் திறந்திருக்கிறது, கௌரவத்தைப் பகிரும்போது சாத்திக்கொள்கிறது. குடும்பம், கட்சி, இலக்கியம் என்று எல்லா இடத்திலும் பெண்கள் பார்த்துப் பழகியது இது.

தமிழ்நாட்டில் கொடி என்றதும் திருப்பூர் குமரன் நினைவுக்கு வருவார். 1932 ஜனவரியில் காவலர்கள் அடித்தும் கையிலிருந்த கொடியை விடாமல் உயிர்விட்ட 27 வயது இளைஞர். அவர் மனைவி பெயர் ராமாயி. வகுப்பில் குமரனைத் தெரியாத மாணவி இல்லை. ராமாயி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருந்தவர் ஒருவரும் இல்லை. அந்தத் தியாகத்தின் விலையில் ஒரு பங்கை ஆயுள் முழுக்கக் கொடுத்தவர் ராமாயியும்தான். ‘கொடி காத்த’ என்ற அடைமொழி அவருக்குக் கிடைக்காமல் போகட்டும். பெயராவது பாடத்தில் இருக்கலாம்.

இனி, பின்வரிசை மாணவியின் கேள்விக்கு வருகிறேன். கொடியேற்றம் என்ற சொல்லை நாம் சுதந்திர தினத்துக்கு முன்பே அறிவோம். கோயில் திருவிழா கொடியேற்றத்தில்தான் தொடங்கும். அங்கே யாருக்குப் பரிவட்டம், யாருக்கு முதல் மரியாதை, யார் தேர் வடம் பிடிக்கலாம், யார் தெருவுக்குத் தேர் வராது என்பதெல்லாம் வரிசையாக வகுக்கப்பட்டிருக்கும். மரியாதை என்ற சொல்லுக்கே பழைய பொருள்களில் ஒன்று வரம்பு. ஒருவருக்கு முதலில் கிடைத்தால்தான் அது மரியாதை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் கிடைத்தால் அதை யாரும் மரியாதை என்று சொல்ல மாட்டார்கள். பிரசாதம் என்பார்கள்.

தேசியக் கொடி ஊருக்குள் வந்தபோது, ஏற்கெனவே இருந்த இந்த இலக்கணத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கம்பம் கொடிமரமாயிற்று, கயிறு தேர் வடமாயிற்று, ஆகஸ்ட் 15 இன்னொரு முதல் மரியாதையாயிற்று. அரசியல் சாசனம் அந்தக் கயிற்றைப் பதவியில் இருப்பவரிடம் கொடுக்கிறது. ஊர் அதைப் ‘பெரிய மனிதர்’ கையில் பார்க்க விரும்புகிறது. தலைவர் பதவி ஆண் ஆதிக்கச் சாதியாரிடமே இருந்தவரை இரண்டும் ஒரே ஆளாக இருந்தன. இரண்டுக்கும் உள்ள முரண் கண்ணில் படவில்லை. 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, இட ஒதுக்கீட்டில் தலித்துகளும் பெண்களும் தலைவரானார்கள். தமிழ்நாட்டில் 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்குப் பாதி இடம் கிடைத்தது. அப்போதுதான் இரண்டு கையும் வேறு வேறு என்பது வெளியே தெரிந்தது.

கடலூர் மாவட்டம் புவனகிரி அருகே தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி, மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தான் மட்டும் தரையில் உட்கார்ந்திருந்த படம் 2020 அக்டோபரில் வெளியானது. தேசியக் கொடி ஏற்றவும் தன்னை விடவில்லை என்று அவர் சொன்னார். 2022 ஆகஸ்டில், கொடியேற்றுவதில் சாதிப் பாகுபாடு எங்கும் நடக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சுதந்திரத்தின் 75 ஆண்டு நிறைவுக்கு வீடுதோறும் கொடி ஏற்றச் சொன்ன அதே மாதம் அது.

“ஜெயலலிதா கோட்டையிலேயே கொடி ஏற்றினாரே” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஏற்றினார். முதலமைச்சர்கள் சுதந்திர தினத்தில் கொடியேற்றும் உரிமையே 1974இல் மு. கருணாநிதி ஒன்றிய அரசிடம் வாதாடிப் பெற்றது. அதுவரை அது ஆளுநர் கையில் இருந்தது. கயிறு யார் கையில் என்பது அற்பமான கேள்வி இல்லை என்று இந்த மாநிலத்துக்கு அரை நூற்றாண்டாகத் தெரியும். டெல்லிக்கும் சென்னைக்கும் இடையே சுயமரியாதைப் பிரச்சினையாகப் பார்த்ததை, சேரிக்கும் ஊருக்கும் இடையே வரும்போது ‘சின்ன விஷயம், பேசித் தீர்த்துக்கலாம்’ என்று சொல்வது நியாயமில்லை.

மரியாதையின் இந்த இலக்கணம் சட்டத்துக்குள்ளும் புகுந்திருக்கிறது. தேசியக் கொடியை இடுப்புக்குக் கீழே உடையாக அணியக் கூடாது என்பது விதி. இடுப்புக்கு மேல் தூய்மை, கீழே அசுத்தம் என்ற இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? தலையில் பிறந்தவர், காலில் பிறந்தவர் என்று மனிதர்களைப் பிரித்த அதே உடல் கணக்கு இது. மாதத்தில் மூன்று நாள் பூஜையறைப் பக்கம் போகாதே என்று நம்மிடம் சொன்னதும் இதே கணக்குதான். 2008இல் டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சாவின் கால் கொடிக்கு அருகே தெரிந்த ஒரு புகைப்படத்துக்காக அவர்மீது புகார் கொடுத்தார்கள். கொடிக்குத் தீட்டு உண்டு என்று ஏற்றுக்கொண்டுவிட்டால், யார் தொட்டால் தீட்டு என்ற கேள்வி பின்னாலேயே வரும்.

இங்கே ஒரு பெண்ணியவாதி என்னை நிறுத்திக் கேட்கலாம். தேசம் என்பதே ஆண்கள் கட்டிய வீடு. பெண்ணை அன்னையாக்கிக் கையில் கொடி கொடுத்துப் படமாக மாட்டிவிட்டு, உயிருள்ள பெண்ணைச் சொத்தில்லாமல் நிறுத்திய வீடு. அதன் கொடியை ஏற்றுவதற்கு எதற்கு இத்தனை போராட்டம்? விட்டுவிடலாமே?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். இதைப் பெண்களுக்கு முன்பே, பெண்களைவிடக் கூர்மையாக நேரில் வைத்தவர் அம்பேத்கர். 1931 ஆகஸ்ட் 14 அன்று பம்பாய் மணிபவனில் காந்தியைச் சந்தித்தபோது, தனக்குத் தாயகம் என்று ஒன்று இல்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார். நாய் பூனையைவிடக் கேவலமாக நடத்தும், குடிக்கத் தண்ணீர் தராத மண்ணைத் தன் நாடு என்று எப்படிச் சொல்வது என்பது அவர் வாதம். 16 ஆண்டுகள் கழித்து, இந்த நாட்டின் கொடியை முடிவு செய்ய ராஜேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த குழுவில் அதே அம்பேத்கர் உறுப்பினர். இது சமரசம் என்று நான் படிக்கவில்லை. தாயகம் இல்லை என்று சொன்னவர், தாயகம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதும் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். அமிர்தம் கேட்டதையும் நான் இப்படியே புரிந்துகொள்கிறேன். தேசபக்தியைக் காட்ட ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. மக்கள் வாக்களித்துக் கொடுத்த வேலையைச் செய்ய விடுங்கள் என்று கேட்டார். கொடியேற்ற வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஒரு பெண்ணுக்கு உண்டு. ஆனால் ஏற்ற முடிந்தவள் மறுப்பதும், ஏற்ற விடாமல் தடுக்கப்பட்டவள் ஒதுங்கி நிற்பதும் ஒன்றாகாது.

தமிழில் ‘கொடி’ எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். படரும் செடி கொடி. பெண்ணின் இடை கொடி. தாயையும் பிள்ளையையும் இணைப்பது தொப்புள்கொடி. கழுத்தில் கிடப்பது தாலிக்கொடி. மாடியில் ஈரத்துணி காயப்போடுவதும் கொடிதான். இத்தனை கொடியிலும் பெண் கை பட்டிருக்கிறது. வானத்தில் பறக்கும் கொடி மட்டும் புலி, மீன், வில் என்று வேந்தர்களின் உடைமையாகவே நம் நினைவில் நிற்கிறது. ஆனால் பட்டினப்பாலையைப் படித்தால் புகார் நகரத்தில் எல்லாவற்றுக்கும் கொடி இருந்தது தெரியும். வாதத்துக்கு வருகிறாயா என்று அழைக்க அறிஞர்கள் கட்டிய கொடி உண்டு. இங்கே கள் விற்கிறோம் என்று சொல்லும் கொடியும் உண்டு. அந்தக் கொடிகள் யாரையும் வணங்கச் சொல்லவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அறிவித்தன. அறிவிப்பைச் சரிபார்க்கலாம். கள் இல்லாத கடையில் கள் கொடி பறந்தால் வந்தவர் கேள்வி கேட்பார்.

தேசியக் கொடியையும் நான் இப்படித்தான் பார்க்க விரும்புகிறேன். இங்கே குடிமக்கள் சமம் என்ற அறிவிப்பு அது. ஆத்துப்பாக்கத்தில் 2020 ஆகஸ்ட் 15 அன்று அந்த அறிவிப்பு பொய். ஆகஸ்ட் 20 அன்று ஆட்சியரும் காவல்துறையும் நிற்க, அது ஒரு மணி நேரத்துக்கு உண்மையானது. காவல் இருந்தால் மட்டும் செல்லுபடியாகும் உரிமை அரை உரிமை. ஆனாலும் அந்த அரை உரிமையை நான் குறைத்துப் பேச மாட்டேன். மாவட்டத்தின் மிகப் பெரிய இரண்டு அதிகாரிகள் ஓர் ஊராட்சித் தலைவரின் பக்கத்தில் நின்றதை அந்த ஊர்ச் சிறுமிகள் பார்த்திருப்பார்கள்.

சட்டத்திலும் இரண்டு பக்கமும் உண்டு. கொடித் துணியைக் கிழித்தாலோ எரித்தாலோ மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது 1971ஆம் ஆண்டின் சட்டம். இது எல்லோருக்கும் தெரியும். ஒரு தலித் அல்லது பழங்குடி ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ மிரட்டியும் தடுத்தும் அவர் பணியைச் செய்ய விடாமல் ஆக்குவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். 2015இல் நிறைவேறிய திருத்தம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. அது நடைமுறைக்கு வந்த தேதி 2016 ஜனவரி 26, குடியரசு தினம். துணியைக் காக்கும் சட்டம் தெரிந்த அளவுக்குக் கையைக் காக்கும் சட்டம் நம் மாணவிகளுக்குத் தெரியவில்லை. உள்ளாட்சிக்குப் போட்டியிடப் போகும் ஒவ்வொரு பெண்ணும் இந்த இரண்டாவது சட்டத்தைப் படித்துவைத்திருக்க வேண்டும்.

கொடியைச் செய்யும் கைகளையும் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் ஹுப்பள்ளி அருகே பெங்கேரியில், தர முத்திரை பெற்ற கதர்க் கொடிகளைச் செய்யும் கூடத்தில் பெரும்பாலோர் பெண்கள். இந்தியத் தர நிர்ணயங்களில் முதல் எண் தேசியக் கொடிக்குத்தான். இழையின் எண்ணிக்கை, நிறம், தையல் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. 2021 டிசம்பர் 30 அன்று விதியைத் திருத்தி, இயந்திரத்தில் செய்த பாலியஸ்டர் கொடிக்கும் அனுமதி தந்தார்கள். கொடி மலிவானது. நூற்கும் பெண்களின் வேலை நிச்சயமில்லாமல் போனது. கதர்த் தொழிலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கொடி எல்லா வீட்டுக்கும் போகட்டும் என்று கொண்டாடியவர்களில் எத்தனை பேர், அதை நூற்றவள் வீட்டு அடுப்பைப் பற்றிக் கேட்டார்கள்?

எங்கள் பக்கத்தில் ஆகஸ்ட் 15 அன்று பூந்தமல்லி சிக்னலில் வாங்கிய சிறு கொடிகள் ஆட்டோவிலும் பைக்கிலும் படபடக்கும். மறுநாள் காலையில் அவற்றில் சில சாலையோரம் கிடக்கும். பச்சைச் சட்டை போட்ட துப்புரவுப் பணிப் பெண்கள் அவற்றைப் பொறுக்குவார்கள். அவர்களில் ஒருவர் குப்பையோடு போடாமல் தனியே எடுத்து மடித்துப் பையில் வைப்பதைப் பார்த்து, “எதுக்கும்மா?” என்று கேட்டேன். “காலு படக் கூடாதுல்லம்மா” என்றார். கொடி விதியும் சேதமான கொடியை மதிப்போடு தனியே அகற்றத்தான் சொல்கிறது. சட்டம் சொன்னதை அவர் படிக்காமலே செய்துகொண்டிருந்தார். ஆண்டு முழுக்க இந்தத் தெருவைக் கூட்டும் அவரை ஒரு சுதந்திர தினத்தில் கயிற்றை இழுக்க எந்தக் குடியிருப்புச் சங்கமாவது அழைத்தால், அந்தக் கம்பத்தின் முன் நானும் போய் நிற்பேன்.

அதனால் என் மாணவிக்கு நான் சொல்வது இது. நீ கேட்டது கொடியைப் பற்றிய பாடத்தில் இல்லை; ஆனால் அந்தப் பாடத்தின் முக்கியமான கேள்வி அதுதான். அடுத்த ஆகஸ்டில் உன் ஊருக்குப் போகும்போது நிறத்தைப் பார்க்காதே, கயிற்றைப் பார். தலைவர் பெண் என்றால் கயிறு அவர் கையில் இருக்கிறதா, அவர் கணவர் கையில் இருக்கிறதா என்று பார். தலைவர் தலித் என்றால் அவருக்கு நாற்காலி எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பார். பார்த்ததைத் தேதியோடு எழுதிவை. ஆத்துப்பாக்கத்தில் அந்தக் கயிறு கை மாறியது, யாரோ பார்த்துச் சொன்னதால்தான்.